உறையூரில் பழைய வீட்டை இடித்த மனையில் உறைகிணறு: கட்டடம் எழும்புவதற்குள் என்ன செய்யலாம்?

சுருட்டுக்காரர் பேரன் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உறையூரில் எங்கள் பூர்வீக வீடு. 8 சென்ட். வாசல் குறுகல், கொல்லை வரை நீண்டு போகும் மனை. தாத்தா சுருட்டு வியாபாரம் பார்த்த காலத்தில் கட்டியது. பெரியப்பா, அப்பா, அத்தை மூவரும் ஒருவழியாகப் பங்கு பேசி முடித்து பில்டரிடம் கொடுத்தோம். ஆறு பிளாட் வருகிறது. போன வாரம் இடித்து முடித்தார்கள். இன்று காலை கொல்லைப் பக்கம் சம்ப்புக்குக் குழி எடுத்தார்கள்.

ஒன்பது அடி நெருங்கும்போது பக்கெட்டில் ஏதோ நொறுங்குகிற சத்தம். ஜேசிபி ஓட்டுகிற தம்பி உடனே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கூப்பிட்டார். சுடுமண் வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. குறுக்களவு மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. மேல் வளையம் பாதி போய்விட்டது, கீழே இன்னும் இரண்டு தெரிகிறது. உள்ளே ஈரமான கரிய மண். சுற்றிலும் பானை ஓடுகள், உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. கீழடி அருங்காட்சியகத்தில் பார்த்த அதே மாதிரி.

பில்டர் நல்ல மனிதர். "வெள்ளிக்கிழமை வரை வேறு பக்கம் வேலை பார்க்கிறேன், அதற்கு மேல் முடியாது" என்கிறார். அப்பாவோ, "வெளியே தெரிந்தால் மனையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், பேசாமல் மண்ணைப் போட்டு மூடு" என்கிறார். எனக்கு மூட மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மண்ணடுக்கு | செவ்வாய், இரவு 10.15

அந்த ஜேசிபி தம்பிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

நான் தொல்லியல் படித்து, நான்கு பருவம் அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவன். இன்று இரவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வளையங்களைப் பெயர்க்காதீர்கள். மண்ணோடு இருக்கும்வரைதான் அது கிணறு. நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தி, மேலே தார்ப்பாய் போடுங்கள். வெயில் பட்டு வேகமாகக் காய்ந்தால் சுடுமண் வெடித்துவிடும். அந்தக் குழியிலிருந்து அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றவிடாமல் தனிக் குவியலாக வையுங்கள்.

விடிந்ததும், நிழல் விழுகிற பக்கத்துச் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கொத்துக்கரண்டியால் மேலிருந்து கீழே செங்குத்தாகச் செதுக்கிவிடுங்கள். பிறகு பூச்செடிக்குத் தெளிப்பதுபோல லேசாகத் தண்ணீர் தெளித்தால் மண்ணின் நிறங்கள் பிரிந்து தெரியும். டேப்பைத் தொங்கவிட்டு நேர் எதிரில் நின்று படம் எடுங்கள். ஒன்று முக்கியம்: ஒன்பது அடிக் குழிக்குள் தனியாக இறங்காதீர்கள். பக்கத்தைப் படி படியாக வெட்டித் தரச் சொல்லிவிட்டு, மேலே ஆள் நிற்க இறங்குங்கள். மண் சரிந்தால் உயிர் போகும்.

உங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் அகழாய்வு செய்தது. அறிக்கை 1988-இல் வந்தது. கறுப்பு சிவப்பு மட்கலன், ரௌலட்டட் ஓடு (உள்பக்கம் புள்ளி வரிசை உள்ள மெல்லிய தட்டு), தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடு, செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி எல்லாம் கிடைத்தன. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் குறிப்பில் "அர்கரு" என்ற ஊரின் மெல்லிய துணி பேசப்படுகிறது. அது உறையூர்தான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. சோழர் தலைநகர், நெசவூர். ஆனால் அந்த ஊரைப் பற்றி மண்ணிலிருந்து நமக்குத் தெரிந்தது இன்றுவரை சில குழிகள் அளவுதான். ஊர் முழுக்க வீடு இருக்கும்போது எங்கே போய்த் தோண்டுவது?

கீழடி நமக்குக் கிடைத்ததற்கு அது தென்னந்தோப்பாக இருந்ததும் ஒரு காரணம். உறையூர், மதுரை, காஞ்சி, கருவூர் எல்லாம் மனிதர்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு அடியில் இருக்கின்றன. ஒரு வீடு இடிபட்டு அடுத்தது எழும்புகிற இடைவெளியில் பத்து நாள் அந்த மண் வெளிச்சம் பார்க்கும். அடுத்த முறை பார்க்க எண்பது, நூறு வருஷம் ஆகும். இப்போது பேஸ்மென்ட் பார்க்கிங் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அடுத்த முறை என்பதே இல்லை.


கட்டடக் கணக்கு | புதன், காலை 6.50

நானும் பில்டர்தான். 25 வருஷமாக டெல்டா மாவட்டங்களில் வேலை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். இதே மாதிரி உறைகிணறு மூன்று சைட்டில் எனக்கு வந்திருக்கிறது. மூன்றிலும் எம்-சாண்ட் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு மேலே ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்றும் கேளுங்கள். இடித்த நாளிலிருந்து எனக்கு வட்டி ஓடுகிறது. கம்பி கட்டுகிற ஆட்களை நான்கு நாள் சும்மா உட்கார வைத்தால் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்ப வர ஒரு மாதம். வீட்டுக்காரர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், அந்த வாடகையையும் நான்தான் கொடுக்கிறேன். "இத்தனை நாள், இவ்வளவு செலவு, அதன்பிறகு நீ கட்டலாம்" என்று எழுதிக் கொடுக்க ஓர் அலுவலகம் இருந்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன். எப்போது முடியும் என்றே தெரியாத வேலைக்குத்தான் பயம்.


ஜமீன் பல்லாவரம் | புதன், காலை 7.30

பேரன் தம்பி, உங்கள் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் ஈமச்சின்னப் பகுதி உண்டு. 2010-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பிள்ளைக்கு மாடியில் ஓர் அறை எழுப்ப முடியாமல், விற்கவும் ஆள் வராமல் எத்தனை குடும்பம் தவித்தது என்று கண்ணால் பார்த்தவன். பழைய பொருள் மேல் எங்களுக்கு வெறுப்பு இல்லை. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வலி.


கறுப்புக் கோட்டு | புதன், காலை 9.05

இரண்டு விஷயமும் ஒன்றாகக் குழம்புகிறது, பிரித்துச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர், சிவில் பக்கம்.

ஜமீன் பல்லாவரம் ஐயா சொல்லும் 100, 200 மீட்டர் கட்டுப்பாடு, மத்திய அரசு ஏற்கெனவே அறிவித்துப் பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றித்தான். உங்கள் கொல்லையில் உறைகிணறு வந்ததால் மட்டும் அது பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வேண்டுமானால் முதலில் அரசிதழில் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை கேட்ட பிறகுதான் முடியும். பேரன், இதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, பங்கும் போகும். உரிமை கோரி வேறு யாரும் வராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால், மனைக்காரருக்குக் கால். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். பானை ஓட்டுக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள். விஏஓ மூலம் தாசில்தாருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

இன்னொன்று: ஆர்வத்தில் நீங்களாக அகழாய்வில் இறங்கிவிடாதீர்கள். பாதுகாக்கப்படாத இடத்தில் மாநில அரசு தோண்டுவதென்றாலும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டட அனுமதியோடு பில்டர் எடுத்த குழி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதில் தெரிவதை அளந்து, வரைந்து, படம் எடுத்துப் பதிவு செய்வதற்குத் தடை இல்லை. பழைய ஊருக்குள் ஒரு தனியார் மனையில் கட்டுவதற்கு முன்னால் சோதனைக் குழி போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை சட்டம் இருந்தும் அந்த ஒன்று இல்லை.


சுருட்டுக்காரர் பேரன் | புதன், மதியம் 2.20

மண்ணடுக்கு அண்ணா, நீங்கள் சொன்னபடியே வடக்குச் சுவரைச் செதுக்கினோம். அக்காவும் நானும். பில்டரே ஆள் வைத்துப் படி வெட்டிக் கொடுத்தார். தண்ணீர் தெளித்ததும் சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக எழும்பி வந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மேலே இரண்டடி தாத்தா வீட்டு இடிபாடு, காரைக் கட்டி, நாட்டு ஓடு. அதற்குக் கீழே மூன்றடி பழுப்பு மண், நடுவில் செங்கல் துண்டு, சங்கு வளையல் துண்டு ஒன்று. பிறகு நான்கு விரல் பருமனுக்குச் சாம்பல். அதன்கீழ் ஒரு சாண் அளவுக்கு மஞ்சளாக, மாவு மாதிரி நைசான மண், அதில் ஓர் ஓடுகூட இல்லை. அதற்கும் கீழே கரிய மண், கறுப்பு சிவப்பு ஓடுகள் எல்லாம் அதில்தான். கிணற்றின் வாயும் அந்தக் கரிய மண்ணில்தான் தொடங்குகிறது.

குவியலைச் சல்லடையில் சலித்தபோது அக்காவுக்கு ஓர் ஓடு கிடைத்தது. சாம்பல் நிறம், மிக மெல்லியது, வழவழப்பு. உள்பக்கம் வட்ட வட்டமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள், யாரோ ஊசிமுனையால் வரிசையாகக் குத்தியது போல. தட்டினால் 'ணங்' என்கிறது. இன்னொன்று சுடுமண்ணில் பொத்தான் மாதிரி, நடுவில் துளை.


மண்ணடுக்கு | புதன், மதியம் 2.55

அந்த மெல்லிய ஓடு ரௌலட்டட். தட்டின் நடுப்பகுதி உங்கள் அக்கா கையில் இருக்கிறது. சக்கரத்தில் சுழலும்போதே ஒரு கருவியை லேசாகத் தொட வைத்து அந்தப் புள்ளி வரிசையை எழுப்பினார்கள். ஒரு காலத்தில் இது ரோமிலிருந்து வந்தது என்று எண்ணினார்கள். இப்போது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது தெளிவு. அரிக்கமேட்டில் கிடைத்திருக்கிறது, இலங்கையிலும் கிடைத்திருக்கிறது. துளையுள்ள பொத்தான் தக்களியின் சுழல்வட்டாக இருக்கலாம், நூல் நூற்பது. நெசவூரில் அது கிடைப்பதில் வியப்பில்லை, ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த மஞ்சள் மண். ஓடே இல்லாத நைசான வண்டல் என்றால் வெள்ளம் கொண்டுவந்து படிய விட்டதாக இருக்கலாம். காவிரிக்கரை ஊர். அந்த வண்டல் உங்கள் மனையில் மட்டும் இருக்கிறதா, அடுத்த தெருவிலும் இருக்கிறதா? நான்கு மனையில் அதே ஆழத்தில் அதே பட்டை வந்தால் ஊரையே புரட்டிப்போட்ட ஒரு வெள்ளத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு மனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதனால்தான் ஒவ்வொரு மனையிலும் சின்னதாக ஒரு குழியாவது பார்க்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறேன். பொருள் கிடைக்காத குழியும் கணக்கில் சேரும். வண்டலிலிருந்தும் கிணற்றுக்குள் இருக்கும் கரிய மண்ணிலிருந்தும் ஒரு கிலோ வீதம் தனித்தனிப் பையில் எடுத்து, ஆழத்தை மேலே எழுதி வையுங்கள். விதை, உமி, கரித்துண்டு இருக்கும்.


தேம்ஸ் கரை | புதன், மாலை 6.30

நான் திருவாரூர்க்காரன், லண்டனில் கட்டட வேலை, சைட் சர்வேயர். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கேயும் ஆரம்பத்தில் இந்த ஒழுங்கு இல்லை. 1954-இல் மித்ராஸ் என்ற கடவுளுக்கு ரோமானியர் கட்டிய கோயில் வெளிப்பட்டபோது பார்க்க ஊரே வரிசையில் நின்றது, ஆனால் அடியில் கிடந்த இடத்தில் அதை அப்படியே வைக்க முடியவில்லை, பெயர்த்துவிட்டார்கள். 1989-இல் ரோஸ் என்ற பழைய நாடக அரங்கின் அடித்தளம் கட்டட வேலையில் வெளியே வந்து பெரிய போராட்டம் ஆனது. மறுவருஷம், 1990-இல், கட்டட அனுமதியிலேயே தொல்லியலைச் சேர்த்து வழிகாட்டுதல் வந்தது. பழைய நகரப் பகுதியில் கட்டப் போகிறவர் முதலில் தன் செலவில் சோதித்துக் காட்ட வேண்டும். சோதனைக் குழி என்றால் மனை முழுக்க இல்லை. பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு இடம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 சென்ட் என்பது கிட்டத்தட்ட 3,485 சதுர அடி. அதில் நான்கு சதவீதம் 140 சதுர அடி. இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டரில் இரண்டு குழி போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒன்று வாசல் பக்கம், ஒன்று கொல்லை. கொல்லைக் குழியை விடவே கூடாது. கிணறு, குப்பைக் குழி, சாயத்தொட்டி எல்லாம் எந்த ஊரிலும் பின்பக்கம்தானே.

நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் எட்டு நாளில் சோதனை முடிந்தது. பிறகு தொல்லியல் ஆள் ஒருவர் நிற்க, நாங்கள் மண் எடுத்தோம். ஜேசிபியில் பல் உள்ள பக்கெட் கூடாது, விளிம்பு தட்டையான அகலப் பக்கெட். ஒரு தடவைக்கு பத்து சென்டிமீட்டர், தோசைக்கல்லைச் சுரண்டுவது போல. நிறம் மாறினால் கை காட்டுவார், நிறுத்துவோம். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது, அப்புறம் எங்களுக்கே கண் பழகிவிட்டது. ப்ளூம்பெர்க் என்ற நிறுவனத்தின் லண்டன் அலுவலகம் கட்டுமுன் 2010-லிருந்து 2014 வரை தோண்டியதில் 400-க்கும் மேல் ரோமானிய எழுத்துப் பலகைகள் கிடைத்தன. ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதியே இருக்கிறது, கடன் பத்திரம். ஊர் பிறந்து சுமார் பத்து வருஷத்தில் யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்பதுவரை தெரிந்துவிட்டது. அதே இடத்தில் கட்டடமும் எழும்பி நிற்கிறது.


கட்டடக் கணக்கு | புதன், இரவு 8.10

தேம்ஸ் கரை தம்பி, லண்டனில் ஆயிரம் கோடிக் கட்டடம், அதில் எட்டு நாள் தாங்கும். இங்கே ஆறு பிளாட். செலவைக் கட்டுகிறவன் தலையில் வைத்தால் அவன் சதுர அடி விலையில் வைப்பான், வாங்குகிற சம்பளக்காரன்தான் கொடுப்பான். சின்ன மனைக்கு அரசு செலவில்தான் செய்ய வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஆனால் தட்டைப் பக்கெட் நம்மிடமும் இருக்கிறது, வாய்க்கால் தூர் வார மாட்டுவோம். மாற்ற அரை மணி நேரம். அதில் எனக்குச் செலவே இல்லை. இன்று வரை யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இன்னொன்று தோன்றியது. பிளாட் கட்டுமுன் மண் பரிசோதனை செய்கிறோம் இல்லையா, துளை போட்டு அடி அடியாக மண் எடுத்து, சின்னச் சின்னப் பையில் போட்டு லேபுக்குப் போகிறது. ரிப்போர்ட்டில் முதல் வரியே "ஃபில்ட்-அப் சாயில் இத்தனை மீட்டர்" என்றுதான் இருக்கும், செங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு கலந்தது என்று. எங்களுக்கு அது வேண்டாத மண், அதைத் தாண்டிக் கெட்டி மண் எங்கே என்றுதான் பார்ப்போம். சோதனை முடிந்ததும் அந்தப் பைகளைக் கொட்டிவிடுகிறார்கள். மண்ணடுக்கு தம்பி, அது உங்களுக்கு உதவுமா? என்னிடமே பழைய ரிப்போர்ட் பீரோ நிறைய இருக்கிறது.


மண்ணடுக்கு | புதன், இரவு 8.25

உதவுமா என்று கேட்கிறீர்களே ஐயா! நீங்கள் வேண்டாத மண் என்று சொல்வதுதான் ஊர். உறையூரில் முப்பது மனைகளின் அந்த முதல் வரி கிடைத்தால், பழைய குடியிருப்பு எங்கே ஆழம், எங்கே மெலிந்து முடிகிறது என்று ஒரு படமே போடலாம். ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம். எந்தச் சோதனைக் குழியை எங்கே போடுவது என்பதும் அதில் தெரிந்துவிடும். தயவுசெய்து அந்த ரிப்போர்ட்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.


வளவுக்காரி | புதன், இரவு 10.50

தம்பியவை, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். எங்கட வளவு கந்தரோடைப் பக்கம். 1970-இல பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக்காரர் வந்து கந்தரோடையில கிண்டிப் பாத்தவை, அந்த ரௌலட்டட் ஓடு அங்கையும் வந்தது. உங்கட அக்கான்ர கையில இருக்கிற ஓட்டைப் பற்றி வாசிக்கேக்க எனக்கு எங்கட தோட்டம்தான் ஞாபகம் வந்தது. மழை பெய்தால் ஓடு மிதந்து நிக்கும்.

இஞ்ச சட்டம் இருக்கு. 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணுக்குள்ள கிடக்கிற கண்டெடுக்காத தொல்பொருள் எல்லாம் அரசுக்குச் சொந்தம். 2000-ஆம் ஆண்டு வந்த விதியளின்படி கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியில வேலை செய்யிறதெண்டால் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்ய வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. கால் ஹெக்டேர் எண்டால் கிட்டத்தட்ட 99 பேர்ச், எங்கட கணக்கில பத்துப் பரப்பு, உங்கட கணக்கில 62 சென்ட். ஆற்ற வீட்டுக் காணி பத்துப் பரப்பு? ஒண்டு, ரெண்டு பரப்பெண்டு துண்டு துண்டாப் பிரிச்சுச் சீதனமாக் குடுத்தாச்சு. அதால ஒவ்வொரு வீட்டு அத்திவாரமும் சட்டத்துக்குக் கீழால வழுக்கிப் போகுது. பெரிய ஹோட்டல் பிடிபடும், ஊர் பிடிபடாது. நீங்கள் அங்க புதுசாச் சட்டம் கேக்கிறதெண்டால் காணியின்ர அளவை வைச்சுக் கேக்காதேங்கோ, இடத்தை வைச்சுக் கேளுங்கோ.

இன்னொண்டும் சொல்ல வேணும். எங்களிட்ட தொல்பொருள் எண்டு சொன்னாலே காணி போயிடுமோ எண்ட பயம் வேற மாதிரி. அதை விரிச்சு எழுத ஏலாது. சனத்தைக் கூப்பிட்டு, அவையின்ர காணியில என்ன இருக்கெண்டு அவைக்குக் காட்டி, எழுத்தில குடுத்துச் செய்யாட்டி ஒருத்தரும் வாய் திறக்காயினம்.


பிள்ளையார்பாளையம் | வியாழன், காலை 11.15

காஞ்சிபுரம். நான் எழுத வேண்டாம் என்று இருந்தேன், மனசு கேட்கவில்லை.

பதினாலு வருஷம் முன்னால் எங்கள் தறி வீட்டை இடித்துக் கட்டினோம். செப்டிக் டேங்குக்குத் தோண்டும்போது கீழே கூம்பு மாதிரி ஜாடிகள், வரிசையாக நட்டு வைத்த மாதிரி. ஏழோ எட்டோ. கூலிக்கு வந்தவர்கள் புதையல் என்று நினைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, மண்தான். அந்த ஓடுகளை அப்படியே தரை நிரவப் போட்டுவிட்டோம். நான்தான் சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

பின்னால்தான் தெரிந்தது, காஞ்சியில் 1962-63-இல் அகழாய்வு செய்தபோதே அப்படிக் கூம்பு ஜாடிகள் கிடைத்திருக்கின்றன என்று. எங்கள் வீட்டில் இருந்தது எந்தக் காலம், எதற்கு நட்டார்கள், எண்ணெயா, சாயமா, யாருக்கும் இனித் தெரியாது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. அப்போது என் கையில் கேமரா போன் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.


தேம்ஸ் கரை | வியாழன், மாலை 4.00

அக்கா, அந்த நாளில் உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இடம், ஆழம், எத்தனை ஜாடி, எந்தத் திசையில் வரிசை என்று நினைவில் இருப்பதை இன்றே ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அதுவும் ஒரு பதிவுதான்.


சுருட்டுக்காரர் பேரன் | வெள்ளி, இரவு 9.30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று விஏஓவிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டோம். கறுப்புக் கோட்டு ஐயா எழுதியதை அப்பாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இரண்டு மாத நோட்டீஸ் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படியானால் கூப்பிடு" என்றார்.

இன்று காலை ஒரு கல்லூரிப் பேராசிரியரும் மூன்று மாணவர்களும் வந்தார்கள். தோண்டவில்லை, இருந்ததை மட்டும் பதிவு செய்தார்கள். வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் வரைபடத் தாளில் வரைந்தார்கள், ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் ஒரு நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த மஞ்சள் மண் கிழக்குச் சுவரில் கொஞ்சம் சரிந்து, ஆற்றுப் பக்கம் தடித்துப் போகிறது. பேராசிரியர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கேட்டதற்கு, "இன்னும் நான்கு மனை பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன்" என்றார். ஒரு மாணவி குவியலிலிருந்து 212 ஓடுகளைக் கழுவி, கோணியில் காயவைத்து, வாய்ப்பகுதி, உடல், அடிப்பகுதி என்று பிரித்து எண்ணினாள். பெரியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளோடு உட்கார்ந்துவிட்டார். துளையுள்ள பொத்தானைப் பார்த்ததும், "இது எங்க ஆயா வச்சிருந்த தக்களி வட்டுதானே, அது மரத்துல" என்றார்.

பில்டர் இன்ஜினியரோடு பேசி, சம்ப்பைத் தெற்கே நாலரை அடி தள்ளிவிட்டார். கிணறு இருக்கிற இடத்தில் பில்லர் எதுவும் வரவில்லை, கார் நிறுத்துகிற இடம்தான். கிணற்றின் வளையங்களைத் துணி சுற்றி, சுற்றிலும் ஆற்று மணல் நிரப்பி, எந்த இடத்தில் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து கட்டட வரைபடத்திலேயே குறித்துவிட்டோம். ஓடுகள் தாசில்தார் சொல்கிற வரை பேராசிரியரின் பொறுப்பில், பட்டியல் ஒரு பிரதி எங்களிடம். மொத்தம் இரண்டரை நாள் தாமதம்.

கட்டடக் கணக்கு ஐயா, புதுச் சம்ப்புக்குத் தட்டைப் பக்கெட் மாட்டித்தான் எடுத்தார்கள். ஜேசிபி தம்பியே கேட்டு மாட்டினார். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை, மஞ்சள் மண் மட்டும் அதே ஆழத்தில் வந்தது. அதையும் அளந்து எழுதிவிட்டோம்.


கட்டடக் கணக்கு | வெள்ளி, இரவு 10.05

இரண்டரை நாள் என்றால் என்னால் கொடுக்க முடியும். பேராசிரியரிடம் சொல்லுங்கள், உறையூர், தென்னூர்ப் பக்கம் என்னிடம் 11 மண் ரிப்போர்ட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேடி எடுத்து வைக்கிறேன்.


பிள்ளையார்பாளையம் | சனி, காலை 7.20

தம்பி, எங்கள் தெருவிலேயே என் நாத்தனார் வீடு. தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். அதுவும் தறி வீடுதான், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது மனை. இடிக்கிற அன்றே யாராவது வந்து நின்றால் நன்றாக இருக்கும். நாத்தனாரிடம் பேசிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். யாரைக் கூப்பிட வேண்டும்?


மண்ணடுக்கு | சனி, காலை 7.45

அக்கா, தனிமடலில் தேதியை அனுப்புங்கள். இடிப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நான் வந்து மனையை அளந்துகொள்கிறேன். உங்கள் வீட்டில் ஜாடிகள் இருந்த இடத்தையும் அப்போதே நீங்கள் காட்ட வேண்டும்.


சுருட்டுக்காரர் பேரன் | சனி, காலை 8.10

நானும் அக்காவும் வருகிறோம். சல்லடை எங்களிடம் இருக்கிறது.